மிதவையின் சாட்சியம்

நாமக்கல் பக்கத்து உழவர்களுக்கு விதைநெல் தேர்கிற முறை ஒன்று தெரியும். வேளாண் துறையினரும் அதையே பரிந்துரைக்கிறார்கள். ஒரு பாத்திரத் தண்ணீரில் புது முட்டையைப் போட்டால் அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் முட்டை எழும்பி, ஒரு பழைய நாலணா அகலத்துக்கு நீருக்கு மேலே தலை காட்டும். அந்தப் பதத்தில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், முற்றிய மணி தாழும். தாழ்ந்ததை அள்ளி நல்ல தண்ணீரில் அலசி விதைப்பார்கள். முட்டைக்குப் பேர்போன ஊரில் முட்டையே அளவுகோலாகவும் இருப்பதில் வியப்பில்லை.

இதே முட்டை வேறொரு நாட்டில், வேறொரு பாத்திரத்திலும் மிதந்திருக்கிறது. ஆங்கிலேயப் பிரபு கெனெல்ம் டிக்பி திரட்டிவைத்த சமையல் குறிப்புகள் அவர் இறந்த பிறகு 1669இல் நூலாக வந்தன. அதில் தேன்மது காய்ச்சும் குறிப்புகள் ஏராளம். தேன் போதுமான அளவு கரைந்துவிட்டதா என்று அறிய அந்த வீட்டுப் பெண்களும் முட்டையைத்தான் மிதக்கவிட்டார்கள். ஒரு வெள்ளி நாணயத்தின் அகலத்துக்கு முட்டை வெளியே தெரிந்தால் கரைசல் சரி. அங்கே தேன், இங்கே உப்பு. மிதப்பதன் விதி ஒன்றே.

முட்டைக்குப் பதிலாகக் கண்ணாடிக் குமிழ், அதன் அடியில் ஈயக் குண்டுகள், மேலே கோடுகள் போட்ட மெல்லிய தண்டு: இவ்வளவுதான் திரவமானி. பள்ளி ஆய்வகத்தில் அதைக் கையிலெடுத்த எல்லோருக்கும் அது உடைந்துவிடுமோ என்ற பயம் நினைவிருக்கும். அடர்ந்த நீர்மத்தில் அது உயர்ந்து நிற்கும், நீர்த்ததில் தாழும். பாலில் இட்டால் பால்மானி. பேட்டரி அமிலத்தில் இட்டால் மின்கலத்தின் மின்னேற்ற நிலையைச் சொல்லும். கரும்புச் சாற்றில் இட்டால் பிரிக்ஸ் அளவு. மோகனூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயிக்கு அந்தச் சொல் புதிதல்ல. ஆனால் இந்தக் கருவி உலகெங்கும் அதிகமாகப் பயணம் செய்தது மதுவின் வழியாக. மதுவைவிடவும், மதுவின் மீது விதிக்கப்பட்ட வரியின் வழியாக. அந்தப் பயணம் சேலத்துக்கும் வந்தது. வந்த இடத்தில் ஒரு பானையின் முன் தோற்றும் போனது. அந்தத் தோல்வியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

*

கருவியின் வம்சாவளி நீளமானது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வட ஆப்பிரிக்காவின் சைரீன் பகுதியைச் சேர்ந்த சினேசியஸ், அலெக்சாண்டிரியாவில் இருந்த தன் ஆசிரியை ஹைப்பேஷியாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்கு ஒரு கருவி செய்து அனுப்பும்படி கேட்டு, அது எப்படி இருக்கவேண்டும் என்றும் விவரித்தார்: குழல் வடிவம், அதன் மேல் வெட்டுக் கோடுகள், நிமிர்ந்து நிற்பதற்காக ஒரு முனையில் எடை. நீரின் எடையை அறிய உதவும் அந்தக் கருவி திரவமானியே. உடலும் உள்ளமும் சோர்ந்திருந்த ஒருவர் எழுதிய கடிதம் அது. 12ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், மெர்வ் நகரில் வாழ்ந்த அல் காசினி தராசுகளைப் பற்றி எழுதிய பெருநூலிலும் இந்தக் கருவி விரிவாக இடம்பெற்றது. அறிவைத் தேடியவர்களிடம் இருந்த பொருள் வரி தேடியவர்களிடம் வந்து சேர்ந்தது 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில்.

சாராயத்தின் மீது வரி விதிக்கவேண்டுமானால் அதில் எவ்வளவு சாராயம், எவ்வளவு தண்ணீர் என்று தெரியவேண்டும். அதற்கு முன்பு வெடிமருந்தின் மீது ஊற்றிக் கொளுத்திப் பார்த்ததாகச் சொல்வார்கள். மருந்து பற்றிக்கொண்டால் சரக்கு 'ப்ரூப்' ஆகிவிட்டது, அதாவது மெய்ப்பிக்கப்பட்டது. நம் ஊரில் தீக்குச்சி கிழித்துப் பார்த்த கதைகளும் இதே இனத்தவை. தீர்வைத் துறை ஊழியர் பார்த்தலோமியூ சைக்ஸ் வடிவமைத்த பித்தளைத் திரவமானி, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1816இல், சட்டப்படியான கருவியாக இங்கிலாந்தில் ஏற்கப்பட்டது. ஒரு பெட்டி, அதற்குள் குமிழ், ஒன்பது எடைகள், ஒரு வெப்பமானி, ஓர் அட்டவணைப் புத்தகம். வெடிமருந்து போய் எண் வந்தது. 51 டிகிரி பாரன்ஹீட்டில் அதே கன அளவுள்ள தண்ணீரின் எடையில் பதின்மூன்றில் பன்னிரண்டு பங்கு எடையுள்ளதே ப்ரூப் சாராயம் என்று வரையறுத்தார்கள். இன்றைய கணக்கில் அது கன அளவில் 57.1 விழுக்காடு ஆல்கஹால். அதிலிருந்து கால் பங்கு குறைத்தால் 42.8. இந்திய மது பாட்டில்களில் 42.8 என்ற விசித்திரமான பின்னம் அச்சாகிவருவதன் காரணம் இதுதான். அந்தக் கருவியை இன்று பார்த்தவர்கள் அரிது. ஆனால் அதன் எண் நம் தெருக்களில் காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பீர் காய்ச்சுகிறவர்கள் இதை ஏற்றுக்கொண்ட விதம் வேடிக்கையானது. ஹாம்ப்ஷயரில் ஆல்டன் என்ற ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பேவர்ஸ்டாக், 1770 வாக்கில் ஒரு திரவமானியை வாங்கித் தன் தந்தைக்குத் தெரியாமல் பயன்படுத்திவந்தார். இந்தப் புதுமைகள் தந்தைக்குப் பிடிக்காது. லண்டனின் பெரிய பீர் வணிகர் சாமுவேல் விட்பிரெட் அவரைப் பொருட்படுத்தாமல் திருப்பி அனுப்பிவிட்டார். ஆதரவு தந்தவர் ஹென்றி த்ரேல்; இலக்கிய வாசகர்கள் இந்தப் பெயரை அறிவார்கள், அகராதி செய்த சாமுவேல் ஜான்சன் ஆண்டுக்கணக்கில் விருந்தாளியாக இருந்தது இவர் வீட்டில்தான். பிறகு 1784இல் ஜான் ரிச்சர்ட்சன் திரவமானியை மதுக் கொட்டிலுக்கென்றே மாற்றியமைத்து நூல் எழுதினார். மலிவான கருகிய மாவைவிட விலை கூடிய வெளிர் மாவிலிருந்து அதிகச் சர்க்கரை கிடைப்பதைக் கருவி காட்டிக்கொடுத்தபோது, தலைமுறைகளின் கைப்பழக்கம் ஒரு கண்ணாடித் தண்டின் முன் பணிந்தது.

இன்று பல நாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவது ஒரு பொழுதுபோக்கு. பிரிட்டனில் 1963 வரை அதற்கு உரிமம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1978இல் இயற்றிய சட்டம்தான் அதற்கு வழிவிட்டது. அவர்கள் செய்வது எளிமையானது. முளைவிட்ட வாற்கோதுமையை ஊறவைத்து எடுத்த இனிப்புச் சாற்றில் ஈஸ்ட் சேர்ப்பதற்கு முன்பு ஒருமுறை திரவமானியை இடுவார்கள். 1.048 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நுரைத்து அடங்கிச் சில நாட்கள் கழித்து மறுபடி இடுவார்கள். 1.010 காட்டும். சர்க்கரை கரைந்து போனதால் அடர்த்தி குறைந்துவிட்டது. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து, வருவதை 131ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5. அந்தப் பீரில் ஐந்து விழுக்காடு ஆல்கஹால்.

இதில் கவனிக்கவேண்டியது, அளவு ஒன்றல்ல, இரண்டு. ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு எதையும் சொல்லமுடியாது. சர்க்கரை மிதவையை உயர்த்துகிறது, ஆல்கஹால் அதைத் தாழ்த்துகிறது. இரண்டும் கலந்த நீர்மத்தில் மிதவை நிற்கிற இடம் இருவரும் இழுத்த கயிற்றின் நடுமுடிச்சு மட்டுமே. யார் எவ்வளவு பலசாலி என்று அந்த முடிச்சுக்குத் தெரியாது. தொடக்கம் தெரிந்தால்தான் முடிவுக்குப் பொருள் உண்டு.

*

சேலம், நாமக்கல் சமவெளியின் மது பீர் அல்ல, கள். பனையும் தென்னையும் ஈச்சையும் தருவது. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்கியதும் சொட்டு விழத் தொடங்குகிறது. முதல் சொட்டு விழுந்த நேரத்திலேயே காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதைத் தின்ன ஆரம்பித்துவிடுகிறது. முதல் சொட்டுக்கும் கடைசிச் சொட்டுக்கும் இடையே ஓர் இரவு. ஆகவே கலயத்தில் இருப்பது ஒரே பொருள் அல்ல. அடியில் பழையது, மேலே புதியது, எல்லாம் கலந்தது. கலயத்தை இறக்கும்போதே பாதித்தூரம் போய்விட்ட பயணம் அது.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் கதை வேறு. சுண்ணாம்பு நொதித்தலைத் தடுக்கும். அப்போது இறங்குவது பதநீர்; கொங்குப் பகுதியில் தெளுவு என்பார்கள். நல்ல தெளுவில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை இருக்கும். காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பில்லாமல் விட்டால் காலையில் இனிப்பு தூக்கலான இளங்கள், பகலில் வலுத்த கள், மறுநாள் புளித்த காடி. வலுத்த கள் என்பதில்கூட ஆல்கஹால் நான்கிலிருந்து ஆறு விழுக்காட்டுக்குள்தான். ஒரே பாளை, ஒரே மரம்; ஒரு கைச் சுண்ணாம்பும் சில மணி நேரமும்தான் உணவுக்கும் மதுவுக்கும் காடிக்கும் நடுவே இருக்கும் எல்லைக்கோடு.

இந்தக் கலயத்தில் திரவமானியை இட்டால் அது ஓர் எண்ணைக் காட்டத்தான் செய்யும். ஆனால் அது இரண்டாவது எண். முதல் எண் என்றைக்குமே எழுதப்படவில்லை. மரத்தின் உச்சியில், இருட்டில், அளப்பவர் யாருமில்லாத நேரத்தில் கழிந்துவிட்டது. கள்ளின் வலுவை அறிய ஒரு வழி உண்டு. ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் வடித்து, வடித்ததில் தண்ணீர் சேர்த்துப் பழைய கன அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு அளக்கவேண்டும். அதைச் செய்து முடிக்கும் நேரத்துக்குள் மிச்சக் கள் காடியாகியிருக்கும்.

வெயிலும் ஒரு சிக்கல். சைக்ஸின் கருவி லண்டன் குளிருக்குப் பிறந்தது. சேலத்தின் 30 டிகிரி செல்சியஸில் வெறும் தண்ணீரே லண்டன் அளவைவிட மூன்று புள்ளிக்கு மேல் தாழ்வாகக் காட்டும். சாராயத்தில் பிழை இன்னும் பெரிது. சூடான சாராயம் விரிந்து அடர்த்தி குறைவதால், உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்து விழுக்காடு கூடுதலாக வலுவுள்ளதுபோல் தோன்றும். அதனால்தான் பெட்டியில் வெப்பமானியும் அட்டவணையும் வைத்தார்கள். கருவியைவிட அட்டவணை முக்கியம். அதைப் பார்க்கத் தெரியாத, அல்லது பார்க்க விரும்பாத ஓர் ஊழியர் கையில் அந்தப் பித்தளைக் குமிழ் எவரையும் குற்றவாளியாக்கிவிடும்.

*

பிரிட்டிஷ் அரசுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே புரிந்திருந்தது. 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டத்தின் காலத்தில் சாராயமும் கள்ளும் இரண்டு வழிகளில் நடத்தப்பட்டன. சாராயம் பெரிய வடிசாலைகளுக்குள் கொண்டுவரப்பட்டது. குறித்த வலுவுக்கு நீர் சேர்த்து, திரவமானியால் சரிபார்த்து, காலன் கணக்கில் தீர்வை வாங்கிக்கொண்டு வெளியே விட்டார்கள். கள்ளை அப்படி அடைக்க இயலவில்லை. அது பதினாயிரம் மரங்களில், பதினாயிரம் கலயங்களில், மணிக்கொரு குணமாக இருந்தது. ஆகவே அரசு மதுவை அளப்பதைக் கைவிட்டு மரத்தை எண்ணியது. இத்தனை மரத்துக்கு இவ்வளவு மரவரி. மரத்தின் மேல் எண், கையில் உரிமம். அளக்கமுடியாததை எண்ணு என்பது அரசுகளின் பழைய ஞானம்.

எண் போட முடியாத காலத்திலும் இந்த மண்ணில் மது இருந்தது. அதைக் காய்ச்சியவர்களுக்குப் பதமும் தெரிந்திருந்தது. பெரும்பாணாற்றுப்படையில் வீட்டில் மது ஆக்கும் முறை ஏறக்குறைய செய்முறைக் குறிப்பு போலவே வருகிறது. அரிசிக் கூழை அகன்ற தட்டில் ஆற்றி, முளைநெல்லை இடித்துக் கலந்து, இரண்டு இரவும் இரண்டு பகலும் கழியவிட்டு, வாய் வலுத்த சாடியில் முதிரவிட்டு, பிறகு விரலிட்டு அரித்துப் பிழிவது. முளைதானியத்தின் சத்தைக் கொண்டு மாவைச் சர்க்கரையாக்குவது, அதை நொதிக்கவிடுவது: பீர் காய்ச்சுவதன் வேதியியல் முழுவதும் இதில் இருக்கிறது. இல்லத்தில் ஆக்கிய நெல் மதுவுக்குத் தோப்பி என்ற தனிப்பெயரே இருந்தது. அங்கே அளவு என்பது காலமும் வாசமும் விரலும்தான். பழைய சேலம் மாவட்டத்துக்குள் அடங்கியிருந்த தருமபுரிதான் சங்ககாலத் தகடூர். அதன் தலைவன் அதியமான் இறந்தபோது ஔவை பாடிய கையறுநிலைப் பாட்டு, சிறிதளவு கள் கிடைத்தபோது அவன் என்ன செய்தான், பெரிதளவு கிடைத்தபோது என்ன செய்தான் என்ற நினைவிலிருந்தே தொடங்குகிறது. அங்கே கள்ளின் அளவு ஒரு மனிதனின் பெருந்தன்மைக்கு அளவாகிறது. அப்காரி ஏட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

*

ஆனால் பழம்பெருமை பேசி இங்கே நின்றுவிடுவது நேர்மையாகாது. 20ஆம் நூற்றாண்டின் சேலத்தில் மது என்றால் விருந்தல்ல, கடன். 1925இல் ராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியபோது கதரும் தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்கும் அதன் வேலைகளாக இருந்தன. மதுவிலக்குக்கென்றே ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்ற இதழ் 1929இல் வெளிவரத் தொடங்கியது. ராஜாஜிக்குத் துணையாக இருந்து அதை நடத்தியவர் பின்னாளில் கல்கி என்று புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி. குடியால் சிதைந்த குடும்பங்களின் கதைகள் அதில் வந்தன. தமிழின் மிகப் பெரிய வெகுசனக் கதைசொல்லி பயிற்சி பெற்ற களங்களுள் ஒன்று சேலத்துக் கள்ளுக்கடையின் எதிர்ப்புறம் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். அதே ஆண்டு மதுவிலக்குச் சட்டம் நிறைவேறி, அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. மாகாணத்தில் முதல் மதுவிலக்கு மாவட்டம் சேலம். அடுத்த ஆண்டு சித்தூரும் கடப்பையும், அதற்கடுத்த ஆண்டு வடஆற்காடும் சேர்ந்தன. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் சேலத்தில் முதலாண்டின் பொருளாதார விளைவுகளை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். குடிக்குப் போன காசு உணவுக்கும் துணிக்கும் தேநீருக்கும் திரும்பியதை அந்த ஆய்வு பேசியது. சம்பள நாளில் கணவனின் கையை எதிர்பார்த்து வாசலில் நின்ற பெண்களுக்கு அந்த அக்டோபர் என்னவாக இருந்திருக்கும் என்பதை எந்தக் கருவியும் அளக்கத் தேவையில்லை.

அதே அக்டோபர் மரமேறிகளுக்கு வேறாக இருந்தது. பாளை சீவுவது அல்லாது வேறு தொழில் அறியாதவர்கள் அவர்கள். அவர்களுக்குத் திறந்திருந்த வழி தெளுவு இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவது. அதற்குச் சுண்ணாம்பு தடவிய கலயமும் உரிமமும் வேண்டும். மரவரிக் காலத்தில் சிக்கலற்றதாக இருந்த கேள்வி இப்போது கூர்மையானது. கலயத்தில் இருப்பது தெளுவா, கள்ளா? சுண்ணாம்பு போதாமலோ மழை நீர் பட்டோ லேசாக நுரைத்த தெளுவு எந்த விழுக்காட்டில் குற்றமாகிறது? முன்பு வரிக்காக எண்ணப்பட்ட மனிதன் இப்போது வேதியியலுக்காக நிறுத்தப்பட்டான். சாட்சிக் கூண்டில் இருந்ததோ முதல் எண்ணை என்றும் அறியாத ஒரு மிதவை. நடைமுறையில் பெரும்பாலும் முகர்ந்து பார்த்த மூக்கே தீர்ப்புச் சொன்னது. மூக்குக்கு அட்டவணை கிடையாது.

இழந்த தீர்வை வருமானத்தை ஈடுகட்ட 1939இல் ராஜாஜி அரசு பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. இந்தியாவில் அதுவரை எந்த மாகாணமும் அத்தனை விரிவாக விதித்திராத வரி. மதுவின் இடத்தை நிரப்பப் பிறந்த வரி அது. 2017இல் சரக்கு சேவை வரி வந்து பெரும்பாலான பொருள்களை மாநில விற்பனை வரியிலிருந்து எடுத்துக்கொண்டபோது, எடுக்காமல் விடப்பட்டவற்றுள் முக்கியமானது குடிக்கிற மது. மதுவுக்கு மாற்றாக வந்த வரி, எண்பது ஆண்டுக்குள் மதுவையே பெரிதும் நம்பி நிற்பதாயிற்று. வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்ச்சி இல்லை என்று சொல்கிறவர்கள் சேலத்தின் கணக்கைப் பார்க்கலாம்.

பின்கதையை எல்லோரும் அறிவோம். காங்கிரஸ் அமைச்சரவை விலகியபின் போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் அது விலக்கப்பட்டது, சில ஆண்டுகளில் திரும்பியது, 1981இல் மறுபடி கடைகள் திறந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987இல் கள்ளும் சாராயமும் தடையாயின. 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கைக்கு வந்தது. இந்தக் கதவு திறப்புகளிலும் அடைப்புகளிலும் இறுதியில் உள்ளே தங்கியது 42.8 என்று எண் ஒட்டப்பட்ட பாட்டில். வெளியே நின்றது எண் ஒட்டமுடியாத கலயம். கொங்குப் பகுதி உழவர்கள் கள்ளை உணவாகக் கருதவேண்டும் என்று நெடுநாளாகக் குரல் கொடுத்துவருவதன் பின்னணியில் இந்தப் பழைய வேறுபாடு இருக்கிறது. அவர்கள் கோரிக்கை சரியா தவறா என்று தீர்ப்பளிப்பது என் நோக்கமல்ல. அளக்கத் தக்கது என்பதும் நல்லது என்பதும் ஒன்றல்ல என்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது.

*

இதைச் சொல்லும்போது 2024 ஜூன் மாதத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. சேலத்துக்குக் கிழக்கே கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்த அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதிக்கப்பட்ட பலர் சேலம் அரசு மருத்துவமனைக்கும் கொண்டுவரப்பட்டார்கள். கொன்றது மெத்தனால். குடிக்கும் சாராயமான எத்தனாலின் அடர்த்தி 0.789. மெத்தனாலின் அடர்த்தி 0.792. மூன்றாவது தசமத்தில் மட்டும் வேறுபாடு. சைக்ஸின் பித்தளைக் குமிழை அந்தச் சாராயத்தில் இட்டிருந்தால் அது அமைதியாக மிதந்து, வலு சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கும். தீக்குச்சி கிழித்தாலும் எரிந்திருக்கும். அரசின் வருமானத்தைக் காக்கப் பிறந்த கருவிக்கு நஞ்சையும் மதுவையும் பிரித்தறியும் கண் என்றும் இருந்ததில்லை. அந்தக் கேள்வி அதனிடம் கேட்கப்படவுமில்லை.

திரவமானியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது தன்னிடம் கேட்டதற்கு மட்டும் விடை சொல்கிற நேர்மையான கருவி. இந்த நீர்மம் எவ்வளவு அடர்த்தி என்று கேட்டால் சொல்லும். இது என்ன, எங்கிருந்து வந்தது, யாருக்குக் கேடு என்று கேட்டால் அதற்குத் தெரியாது. இருநூறு ஆண்டுகளாக நாம் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு மற்றவற்றுக்கும் விடை கிடைத்துவிட்டதாக நம்பிவந்திருக்கிறோம்.

விதைநெல்லுக்கு முட்டையை மிதக்கவிடுகிற உழவர் அப்படி நம்புவதில்லை. மிதந்த பதரை அள்ளி எறிந்தபிறகு, தாழ்ந்த மணிகளையும் கையில் எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் நாற்றங்காலுக்குப் போகிறார்.